ஓசி டிக்கெட்

தேசிய சேவையில் இருந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேடியம் எம்.ஆர்.டி நிலையத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு சிங்கப்பூர் அணியின் கால்பந்து ஆட்டம். டிக்கெட் வாங்கலாமா, வேண்டாமா என்று மாதப் படியை மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் வளர்ந்த மொட்டைத் தலை. யார் பார்த்தாலும் தெரிந்துவிடும். ஐம்பது வயது மதிக்கத்தக்க மலாய்க்காரர் ஒருவர் நேராக என்னிடம் வந்து, "என்.எஸ். பையனா?" என்று கேட்டார். "ஆமாம், பாக்சிக்" என்றேன். ஒரு டிக்கெட்டை எடுத்துக் கையில் வைத்தார். மகனுக்காக வாங்கியதாம். அவனுக்கு அந்த வாரக் கடைசியில் முகாமில் காவல் பணி போட்டுவிட்டார்கள். காசு எடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டார்.

இது நடந்து பல வருடங்கள் கழித்து, அமெரிக்காவில் இதையே ஒரு பெரிய ஏற்பாடாகச் செய்கிறார்கள் என்று தெரிந்தது. ரசிகர்கள் தங்களால் போக முடியாத ஆட்டங்களின் டிக்கெட்டுகளை ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல விஷயம்தானே என்று விட்டிருப்பேன். ஆனால் நான் பொறியாளன். ஒரு பொருள் இலவசம் என்று யாராவது சொன்னால், செலவு எந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது என்று தேடுவது பழகிப்போய்விட்டது. அப்படித் தேடிப் பின்னால் போனதில் 1918-இல் பாஸ்டன் நகரத்து பேஸ்பால் மைதானம் ஒன்றில் போய் நின்றேன். இந்தக் கட்டுரையின் பாதி அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிக்கான தபாலுக்குக் கட்டணம் கிடையாது, அதன்மேல் குத்திய முத்திரையிலிருந்துதான் நம்முடைய 'ஓசி' வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, சிப்பாய்க்கும் ஓசிக்கும் உறவு பழையது என்பதற்கு அது பொருத்தமான கதை.

அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது 1917 ஏப்ரலில். பேஸ்பால் பருவம் தொடங்கும் நேரம். வாட்டசாட்டமான இளைஞர்கள் கால்சட்டை மாட்டிக்கொண்டு பந்து விளையாடுவதும், அதே வயதுக்காரர்கள் கப்பல் ஏறுவதும் ஒரே செய்தித்தாளின் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தால் என்ன ஆகும் என்பது முதலாளிகளுக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்கன் லீக்கின் தலைவர் பான் ஜான்சன் ஒரு யோசனை கண்டுபிடித்தார். ஆட்டக்காரர்கள் எல்லோரும் ராணுவ அணிவகுப்புப் பயிற்சி செய்ய வேண்டும். துப்பாக்கிக்கு எங்கே போவது? மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இடம் வலம் திரும்பினார்கள். நன்றாக அணிவகுக்கும் அணிக்கு 500 டாலர் பரிசு; செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் வாங்கிக்கொண்டு போனது. மைதானத்தில் அவர்கள் ஆட்டம் அவ்வளவு பிரமாதமில்லை என்பது வேறு விஷயம். புக்கிட் தீமா வெயிலில் நிஜத் துப்பாக்கியோடு 'செடியா' கேட்டவன் என்ற முறையில், மட்டையோடு நிற்கும் அந்தப் புகைப்படங்களைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தேன்.

அதே வருடம் வாஷிங்டன் அணியின் மேலாளர் கிளார்க் கிரிஃபித் செய்தது வேறு வகை. பயிற்சி முகாம்களிலும் பிரான்சிலும் இருக்கிற சிப்பாய்களுக்குப் பந்தும் மட்டையும் அனுப்ப ஒரு நிதி தொடங்கினார். ரசிகர்கள் சில்லறைக் காசு போட்டார்கள். சேர்ந்த காசில் மட்டை, பந்து, கையுறை, முகமூடி எல்லாம் பெட்டி பெட்டியாக வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். 1917 ஜூலையில் 'கான்சன்' என்ற அந்தக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி அடித்து மூழ்கடித்தது. பந்தும் மட்டையும் பிரான்ஸ் கரைக்கு அருகே கடலுக்கு அடியில். கிரிஃபித் மறுபடியும் கேட்டார். ரசிகர்கள் மறுபடியும் போட்டார்கள். விளையாட்டு ரசிகர்கள் படைவீரர்களுக்குக் கொடுத்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்த இரண்டாவது தடவைதான். யாரும் மேடையில் ஏறவில்லை, யார் பெயரையும் ஒலிபெருக்கியில் வாசிக்கவில்லை. போட்டது போனது, திரும்பவும் போட்டார்கள்.

1918-இல் நிலைமை இறுகியது. கட்டாய ஆள்சேர்ப்புக்குப் பொறுப்பாக இருந்த ஜெனரல் இனாக் கிரவுடர், மே மாதத்தில் ஓர் ஆணை போட்டார். ஒன்று போருக்குப் பயன்படும் வேலை செய், இல்லையென்றால் துப்பாக்கி எடு. பேஸ்பால் பயனுள்ள வேலையா? இல்லை என்று ஜூலையில் போர்த்துறைச் செயலர் நியூட்டன் பேக்கர் சொல்லிவிட்டார். செப்டம்பர் முதல் தேதி வரை அவகாசம், உலகத் தொடருக்கு மட்டும் அதற்கு மேல் சில நாட்கள் சலுகை. வழக்கமாக அக்டோபரில் நடப்பதை அந்த வருடம் செப்டம்பர் தொடக்கத்திலேயே அவசர அவசரமாக நடத்தினார்கள். பல ஆட்டக்காரர்கள் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். இன்னும் சிலர் கப்பல் கட்டும் தளங்களில் வேலைக்குச் சேர்ந்து, தளத்து அணிக்காகப் பந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பெயர் 'பெயிண்ட் அடிக்கிறவர்கள்'. மிச்சமிருந்தவர்களுக்கு அதைவிட மோசமான பெயர்: டபாய்க்கிறவர்கள்.

பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கும் சிகாகோ கப்ஸுக்கும் தொடர். செப்டம்பர் 5, சிகாகோவில் முதல் ஆட்டம். முந்தின நாள்தான் நகரத்தின் கூட்டரசு அலுவலகக் கட்டடத்தில் குண்டு வெடித்து நான்கு பேர் செத்திருந்தார்கள். கூட்டம் குறைவு, உற்சாகமும் குறைவு. ஏழாவது இன்னிங்ஸில் எல்லோரும் எழுந்து கைகால் நீட்டிக்கொள்வது அங்கே வழக்கம். அந்த நேரத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் 'ஸ்டார் ஸ்பேங்கிள்டு பேனர்' வாசித்தார்கள். அப்போது அது தேசிய கீதமே இல்லை. 1931-இல்தான் சட்டப்படி ஆனது. பாஸ்டன் அணியின் ஃபிரெட் தாமஸ் கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து ஆடிக்கொண்டிருந்தார். இசை கேட்டதும் கொடியைப் பார்த்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். மற்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கூட்டம் மெதுவாகப் பாட ஆரம்பித்து, முடிவில் அரங்கமே அதிர்ந்தது. அன்றைக்கு ஆட்டத்தில் 1-0 என்று வென்ற பந்துவீச்சாளர் பேப் ரூத். மறுநாள் செய்தியில் பாட்டுக்குத்தான் முதலிடம்.

பாஸ்டன் அணியின் முதலாளி ஹாரி ஃபிரேசி நியூயார்க்கில் நாடகம் போடுகிறவர். எது கூட்டத்தை எழுந்து நிற்க வைக்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொடர் பாஸ்டனுக்கு வந்ததும், பாட்டை ஏழாவது இன்னிங்ஸிலிருந்து ஆட்டத்தின் தொடக்கத்துக்கு நகர்த்தினார். கூடவே போரில் காயம்பட்டுத் திரும்பிய வீரர்களுக்கு இலவச டிக்கெட் கொடுத்தார். ஊன்றுகோலோடு அவர்கள் வந்து இருக்கையில் அமர, கூட்டம் கைதட்ட, பேண்டு முழங்க. இன்று அமெரிக்க மைதானங்களில் நாம் தொலைக்காட்சியில் பார்க்கிற காட்சியின் முதல் வரைபடம் இது.

இதற்கிடையில் சிகாகோவிலிருந்து பாஸ்டனுக்கு இரண்டு அணிகளும் ஒரே ரயிலில் வந்தன. ஒரு நாளுக்கு மேல் ஒன்றாகப் பயணம் செய்தால் ஆட்களுக்குச் சம்பளப் பேச்சு வராமல் இருக்குமா? அந்த வருடம் தொடர் வருமானத்தைப் பங்கிடும் விதியை மாற்றியிருந்தார்கள். அதுவரை ஆடுகிற இரண்டு அணிகளுக்குப் போன பங்கில், இனி இரண்டாம், மூன்றாம், நான்காம் இடம் பிடித்த அணிகளுக்கும் ஒரு துண்டு. அதோடு டிக்கெட் விலையையும் குறைத்திருந்தார்கள், கூட்டமும் வரவில்லை, போர் நிதிக்கும் ஒரு பகுதி போக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், எதிர்பார்த்ததில் பாதிதான் தேறும் போலிருந்தது. தொடர் முடிந்ததும் பலர் பட்டாளத்துக்கோ தொழிற்சாலைக்கோ போக வேண்டியவர்கள். அடுத்த வருடம் பேஸ்பால் இருக்குமா என்பதே நிச்சயமில்லை. குடும்பத்துக்கு விட்டுப்போகக் கையில் இருக்கப்போவது இந்தக் காசுதான்.

லீக்குகளை ஆட்சி செய்த ஆணையத்திடம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். ஆணையம் அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளியது. செப்டம்பர் 10, ஐந்தாவது ஆட்டம். ஃபென்வே பார்க் மைதானத்தில் 24 ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்டம் தொடங்கும் நேரம் வந்துவிட்டது. மைதானத்தில் ஒருவரும் இல்லை. ஆட்டக்காரர்கள் உடை மாற்றாமல் அறையில் இருக்கிறார்கள். பாஸ்டனுக்காக ஹாரி ஹூப்பர், சிகாகோவுக்காக லெஸ்லி மேன், இரண்டு பேரும் நடுவர்களின் அறையில் ஆணையத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசினார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. போன வருடம் மட்டையைத் துப்பாக்கியாக்கிய அதே பான் ஜான்சன் நல்ல போதையில் வந்து சேர்ந்தார் என்று அன்று அங்கிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஹூப்பரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அவர் திரும்பத் திரும்பக் கேட்டது: வெளியே கேலரியில் காயம்பட்ட சிப்பாய்கள் காத்திருக்கிறார்கள், அவர்களுக்காகப் போய் ஆடு.

ஃபிரேசி கொடுத்த ஓசி டிக்கெட் இந்த இடத்தில் வேறு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ரத்தம் சிந்தியவன் வெயிலில் உட்கார்ந்திருக்கும்போது நீ காசு கேட்கிறாயா? இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்தத் தொழிலாளியிடமும் பதில் கிடையாது. முதலாளியிடமும் இருந்திருக்காது, அவரிடம் யாராவது கேட்டிருந்தால். கேலரியில் இருந்த சிப்பாய்களும் இதற்குச் சம்மதித்து வந்தவர்கள் இல்லை. பந்து விளையாட்டு பார்க்க வந்தவர்கள். ஓர் அறைக்குள் தங்கள் காயத்தைத் தூக்கி மேசைமேல் வைத்திருக்கிறார்கள் என்பதே தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஹூப்பர் விட்டுக்கொடுத்தார். ஒரே நிபந்தனை, யார் மேலும் பின்னால் நடவடிக்கை எடுக்கக் கூடாது. சரி என்று வாயால் சொன்னார்கள். பாஸ்டனின் முன்னாள் மேயர் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டு (பின்னாளைய அதிபர் கென்னடியின் தாத்தா) வெளியே வந்து, பொதுமக்களுக்காகவும் காயம்பட்ட வீரர்களுக்காகவும் ஆட்டக்காரர்கள் ஆட ஒப்புக்கொண்டதாக அறிவித்தார். ஒரு மணி நேரத் தாமதம். ஆட்டக்காரர்கள் உள்ளே வந்தபோது கூட்டத்தின் ஒரு பகுதி கூச்சல் போட்டது. அன்று சிகாகோ 3-0 என்று ஜெயித்தது. மறுநாள் ஆறாவது ஆட்டத்துக்கு வந்தவர்கள் 15 ஆயிரம் சொச்சம் பேர்தான். பாஸ்டன் 2-1 என்று வென்று கோப்பையை எடுத்தது. அடுத்த கோப்பைக்கு அந்த ஊர் 2004 வரை காத்திருந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை.

வென்றவர்களுக்கு ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் டாலர் கிடைத்தது. வாயால் கொடுத்த வாக்கு டிசம்பர் வரை தாங்கியது. உலகத் தொடரை வெல்கிறவர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் பதக்கச் சின்னம் உங்களுக்குக் கிடையாது, நீங்கள் நடந்துகொண்ட விதம் அப்படி என்று கடிதம் வந்தது. ஹூப்பர் வாழ்நாள் முழுக்கக் கேட்டுப் பார்த்தார். 1974-இல் இறந்தார். 1993-இல், 75 ஆண்டுகள் கழித்து, பாஸ்டன் அணி அந்தச் சின்னங்களை ஆட்டக்காரர்களின் வாரிசுகளிடம் கொடுத்தது. நான் படித்த விவரிப்புகளில் ஹூப்பர், மேன், ஜான்சன் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. கேலரியில் உட்கார்ந்திருந்த வீரர்களில் ஒருவர் பெயர்கூட எங்கேயும் கண்ணில் படவில்லை. கூட்டமாகத்தான் வருகிறார்கள், 'காயம்பட்ட வீரர்கள்' என்று.

இரண்டாம் உலகப் போரில் இந்த ஏற்பாடெல்லாம் பழகிப்போயிருந்தது. சீருடையில் வந்தால் மைதானத்துக்குள் இலவசம். கேலரியில் விழும் பந்தைப் பிடித்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் திருப்பி எறிவார், அது ராணுவ முகாமுக்குப் போகும். எறியாமல் பையில் போட்டுக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர்களே சும்மா விடமாட்டார்கள். 1944 ஜூன் 26 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் ஒரு விசித்திரமான ஆட்டம் நடந்தது. டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ், யாங்கீஸ் என்று நகரத்தின் மூன்று அணிகளும் ஒரே ஆட்டத்தில். யார் எப்போது மட்டை பிடிப்பது, யார் உட்காருவது என்பதை ஒரு கணிதப் பேராசிரியர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். (இந்த ஆள் எங்கள் இனம்.) உள்ளே வர டிக்கெட் என்பது போர்க் கடன் பத்திரம். ஐம்பதாயிரம் பேர் வந்தார்கள். டாட்ஜர்ஸ் 5, யாங்கீஸ் 1, ஜயன்ட்ஸ் 0.

அந்த ஆட்டத்துக்குச் சரியாகப் பத்து நாள் கழித்து, ஜூலை 6 அன்று, டெக்சஸில் உள்ள ஹூட் முகாமில் ஒரு கறுப்பின லெப்டினன்ட் ராணுவப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் போய் உட்கார் என்றார் ஓட்டுநர். மாட்டேன் என்றார் இவர். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள், ஆகஸ்டில் விடுதலை. அவர் பெயர் ஜாக்கி ராபின்சன். மூன்று வருடம் கழித்து அதே டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி, பெரிய லீக்குகளின் நிறச்சுவரை உடைத்தவர். செயின்ட் லூயிஸ் மைதானத்தில் கறுப்பர்கள் குறிப்பிட்ட பகுதியில்தான் உட்காரலாம் என்ற விதி 1944 வரை இருந்தது. சீருடைக்கு மரியாதையாக இலவச இருக்கை என்ற பேச்சு வரும்போதெல்லாம், சீருடை போட்டவர் அமர்ந்த இருக்கைக்காக வழக்கு நடந்த இந்த வருடம் எனக்கு ஞாபகம் வருகிறது.

வியட்நாம் போரோடு, 1973-இல், அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு முடிந்தது. இன்று அங்கே பணியில் இருக்கும் ராணுவத்தினர் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு ராணுவம் என்பது தெரியாத யாரோ ஒருவரின் பிள்ளை. தெரியாதவர்களுக்குத்தான் நன்றி சொல்ல ஓர் இடம் தேவைப்படுகிறது, 2001-க்குப் பிறகு மைதானம் அந்த இடமானது.

பிரம்மாண்டமான கொடி, போர்விமானம் தலைக்கு மேல் பறப்பது, போரிலிருந்து திரும்பிய அப்பா மைதானத்தின் நடுவில் திடீரென்று தோன்ற, பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்வது. பார்த்து நானும் கண் கலங்கியிருக்கிறேன். 2015 நவம்பரில் அரிசோனாவின் இரண்டு செனட்டர்கள், ஜான் மெக்கெய்னும் ஜெஃப் ஃபிளேக்கும், ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மெக்கெய்ன் வியட்நாமில் ஐந்து வருடத்துக்கு மேல் போர்க்கைதியாக இருந்தவர். இந்தக் காட்சிகளில் பலவற்றுக்குப் பாதுகாப்புத் துறை அணிகளுக்குக் காசு கொடுத்திருந்தது என்று அறிக்கை ஒப்பந்தங்களோடு காட்டியது. 2012-க்குப் பிறகு 68 லட்சம் டாலர். வீரர்களைப் பெயர் சொல்லி கௌரவிப்பது, கொடி விரிப்பது எல்லாம் ஆள்சேர்ப்பு விளம்பரச் செலவில். கைதட்டியவர்களுக்கு அது தெரியாது. அடுத்த வருடம் அமெரிக்கக் கால்பந்து லீக் கணக்குப் பார்த்து 7,23,734 டாலரைத் திருப்பிக் கொடுத்தது. கைதட்டலுக்கு ரசீது போட்டு, பிறகு ரீஃபண்டும் கொடுத்த ஒரே சம்பவம் இதுவாகத்தான் இருக்கும்.

ரசிகர்கள் டிக்கெட் கொடுப்பதையும் இதே கூடையில் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை. 'வெட் டிக்ஸ்' என்ற அமைப்பு 2008-இல், அதே அரிசோனாவில் தொடங்கப்பட்டது. பிரிட்டனில் அடுத்த வருடமே 'டிக்கெட்ஸ் ஃபார் ட்ரூப்ஸ்' வந்தது. வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரு பேஸ்பால் அணிக்கு வருடத்தில் சொந்த ஊரில் மட்டும் 81 ஆட்டங்கள். சீசன் டிக்கெட் வாங்கியவர் அத்தனைக்கும் போக முடியுமா? பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், மேலாளர் மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைப்பார். அந்த டிக்கெட்டை அமைப்புக்குக் கொடுத்துவிட்டால், ராணுவத்தில் இருப்பவர்கள், இருந்தவர்கள், பணியில் இறந்தவர்களின் குடும்பங்கள் பதிவு செய்து வாங்கிக்கொள்வார்கள். அமைப்பு அவர்கள் பணிச் சான்றைச் சரிபார்க்கும். வாங்குகிறவர் ஒரு சிறு கட்டணம் கட்டுவார். அணிகளும் டிக்கெட் கொடுக்கின்றன. அது முழுக்க தர்மம் இல்லை. காலி இருக்கை பியர் வாங்காது, வண்டி நிறுத்தக் காசும் தராது.

ஆனால் ரசிகர் கொடுக்கிற டிக்கெட்டில், கொடுத்தவர் அன்று மைதானத்திலேயே இல்லை. அதுதான் விஷயம். அவர் வீட்டில் பிள்ளைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். வந்து உட்காருகிறவர் சீருடை போட வேண்டியதில்லை, எழுந்து நின்று கையசைக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு அவர் யாரென்றே தெரியாது. ஃபிரேசியின் டிக்கெட்டில் காயம் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். இல்லையென்றால் கொடுத்ததில் பிரயோசனமில்லை. இதில் பிள்ளைகளோடு வந்து, ஹாட்டாக் தின்றுவிட்டு, நடுவரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கிரிஃபித்தின் நிதியில் இரண்டாவது தடவை சில்லறை போட்டவர்களின் வம்சம் இவர்கள்.

இங்கே இப்படி ஓர் அமைப்பு தேவைப்படவில்லை. 1967-இலிருந்து கட்டாய சேவை என்பதால், நம் ஊரில் 'ராணுவக் குடும்பம்' என்று தனியாகப் பிரிக்க ஆளில்லை. பிளாக்கில் எந்தக் கதவைத் தட்டினாலும் கொடியில் ஒரு பச்சைச் சட்டை காயும்.

அன்று அந்த பாக்சிக்கின் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். தொண்ணூறு நிமிடத்தில் என்னைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நம் தற்காப்பு ஆட்டக்காரர்களைப் பற்றி மலாயில் நிறைய சொன்னார், அதில் பாதியை இங்கே எழுத முடியாது. இடைவேளையில் மைதானத்தைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது போல. படித்துவிட்டுச் சிரித்தார். கைபேசியை என் பக்கம் திருப்பி, "உன் முகத்தைக் காட்டு. அவன் சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கிறான்" என்றார்.